கை கால் புடிச்சு விடுற வேலை இல்ல அது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் கம்பத்துல ஜீப்பு ஓட்டுறேன். விடியுறதுக்கு முன்னாடி ஏலத்தோட்ட வேலைக்கு ஆளுகள ஏத்திக்கிட்டு கம்பம்மெட்டு ஏறி இடுக்கிப் பக்கம் போயி, பொழுது சாய திரும்பக் கூட்டியாந்து விடுறது, இதான் இருவது வருஷத்துக்கு மேல என் பொழப்பு. ஸ்டாண்டுல உங்க பேப்பர் ஒண்ணு வாங்கி எல்லாரும் மாத்தி மாத்திப் படிப்போம். மருத்துவப் பக்கத்துல இருதயம், சுகர், கிட்னி, கண்ணு எல்லாத்தப் பத்தியும் டாக்டருக எழுதுறாங்க, நல்லாத்தான் இருக்கு, ஆனா ஆஸ்பத்திரில பிசியோதெரபிஸ்ட் என்ன வேல பாக்குறாங்கன்னு விலாவரியா ஒண்ணு நான் படிச்ச வரைக்கும் வரல. நம்ம ஊருப்பக்கம் அவங்கள "கை கால் புடிச்சு விடுறவங்க", "கரண்ட் வைக்கிறவங்க"ன்னுதான் சொல்லுறோம். நானும் அப்படித்தான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். எங்கம்மா விழுந்தப்பறந்தான் அது எம்புட்டு தப்பான பேச்சுன்னு புரிஞ்சுது, அதனாலதான் இந்தக் கடுதாசி. கொஞ்சம் நீளமாப் போனா பொறுத்துக்குங்க.

ரெண்டு வருஷத்துக்கு முந்தி, ஆவணி மாசம், காய் எடுப்பு மும்முரமா இருந்த நேரம். அம்மாவுக்கு அப்ப 61 வயசு. ஏலக்கா எடுக்குறதப் பாத்தவங்களுக்குத் தெரியும், காய் செடி மேல காய்க்காது, தூருல இருந்து சரம் விட்டு தரையோட தரையா படரும், சாக்க விரிச்சு ஒக்காந்து குனிஞ்சபடியே பழுத்த காயாப் பாத்து எடுக்கணும். அப்படி ஒக்காந்து எடுத்துக்கிட்டு இருந்தவங்க அப்படியே ஒரு பக்கமா சாஞ்சுட்டாங்க. கூட இருந்தவங்க மயக்கம்னு நெனச்சு நிமித்தி ஒக்கார வச்சு சோடாவ ஒடச்சு வாயில ஊத்திருக்காங்க. பாசத்துல செஞ்சதுதான், யாரையும் ஒரு குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா வாதம் அடிச்ச ஆளுக்கு முழுங்குறது சரியா வராதாம், அந்த சோடா புரையேறி நெஞ்சுக்குள்ள போயிருச்சு. ரத்தக்கட்டிய கரைக்கிற ஊசி போடணும்னா நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டாகணும்னு அப்பறந்தான் டாக்டர் சொன்னாரு. தோட்டத்துல இருந்து தூக்கி ரோட்டுக்கு கொண்டாந்து, வண்டி புடிச்சு, ஸ்கேன் இருக்குற எடம் தேடிப் போறதுக்குள்ள அந்த நேரம் தாண்டிப் போச்சு. வலது கையும் வலது காலும் வெளங்காமப் போச்சு, வாய் ஒரு பக்கம் கோணிருச்சு, பேச்சு கொழறுச்சு.

மொதல்ல சேத்தது கேரளா பக்கத்துல ஒரு ஆஸ்பத்திரி. மூணாவது நாள் சளி கட்டி மூச்சு கர்ரு கர்ருன்னு வாங்குது. நான் ஐ.சி.யூ. கதவு கண்ணாடி வழியா எட்டிப் பாக்குறேன், ஒரு மலையாளிப் பொண்ணு, இருவத்தஞ்சு வயசு இருக்கும், எங்கம்மாவ ஒருக்களிச்சுப் படுக்க வச்சு முதுகுல தட்டுது தட்டுதுன்னு தட்டுது. எனக்கு ரத்தம் கொதிச்சிருச்சு. சாகக் கெடக்குற மனுசிய இப்படியா அடிப்பாங்கன்னு கதவத் தள்ளிக்கிட்டு உள்ள போயி சத்தம் போட்டுட்டேன். அந்தப் பொண்ணு கோவப்படவே இல்ல. வேலைய முடிச்சிட்டு வெளிய வந்து என் கைய வாங்கி, வெரலையெல்லாம் சேத்து வச்சு கிண்ணம் மாதிரி குவிக்கச் சொல்லி, என் தொடையிலயே என்னத் தட்டிப் பாக்கச் சொல்லுச்சு. பொத் பொத்துன்னு சத்தந்தான் வருது, வலியே இல்ல. உள்ள அடைபடுற காத்துதான் அதிர்வு குடுக்குது, அந்த அதிர்வுல நெஞ்சுக்குள்ள ஒட்டிக் கெடக்குற சளி எளகி மேல வரும், வந்தத நர்ஸ் குழாய் விட்டு உறிஞ்சி எடுப்பாங்கன்னு பாதி மலையாளம் பாதி தமிழ்ல சொல்லுச்சு. தட்டுறதுக்கு முன்னாடி ஸ்டெதாஸ்கோப் வச்சு எந்தப் பக்கம் எந்த எடத்துல அடைச்சிருக்குன்னு கேட்டுட்டு, அந்த எடத்துக்குத் தக்கனதான் ஒடம்பத் திருப்பிப் படுக்க வைக்குது, தட்டிட்டு திரும்பவும் கேட்டுப் பாக்குது. கண்ணு பூராவும் மிஷின் மேல. ஆக்சிஜன் நம்பர் எறங்குனா உடனே கைய எடுத்துருது. "ஸ்வாசம் எடுக்கூ அம்மச்சி"ன்னு அது சொல்லுறப்ப அம்மா கண்ண மூடிக்கிட்டே இழுப்பாங்க, முப்பது வருஷம் மலையாளி தோட்டத்துல வேல பாத்தவங்க, பாஷ நல்லா வெளங்கும். அஞ்சாம் நாள் மூச்சு சீராச்சு. மருந்தும் ஊசியும் செஞ்ச வேலய நான் கொறச்சுச் சொல்லல, ஆனா அந்தச் சளிய வெளிய கொண்டாந்ததுல அந்தப் பொண்ணோட கைக்கும் பங்கு இருக்கு, நான் கண்ணால பாத்தது.

அதுவரைக்கும் பிசியோன்னா முட்டி வலிக்கு, தோள்பட்டை வலிக்குன்னுதான் நெனச்சிருந்தேன். ஐ.சி.யூ.வுக்குள்ள மூச்சுக்கு அவங்க வருவாங்கன்னு யாருக்குத் தெரியும். ஆபரேசன் முடிஞ்ச ஆளுக்கு மூணு பந்து இருக்குற ஒரு பிளாஸ்டிக் டப்பாவக் குடுத்து உறிஞ்சச் சொல்லுவாங்க பாருங்க, அதுவும் அவங்க வேலதான், நுரையீரல் சுருங்கிப் போகாம இருக்குறதுக்கு. வெளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கேன்னு அத ஓரமா வச்சிட்டுப் படுத்தவங்கள நான் நெறையப் பாத்துட்டேன்.

அங்க ஆறு நாள் இருந்தோம், காசு தாங்கல. நம்ம பக்கம் ஒரு அரசு ஆஸ்பத்திரிக்கு மாத்திக்கிட்டு வந்தோம். அங்க ஒரு பிசியோ சார், நம்ம தேனிப் பக்கத்துக்காரரு. மொத நாள் வந்தவரு கை காலுக்கு ஒண்ணுமே செய்யல, பாத்தாரு, அம்புட்டுதான். அரை மணி நேரம் பாத்தாரு. ஒவ்வொரு மூட்டையும் மெதுவா மடக்கி நீட்டி எங்க புடிக்குதுன்னு பாத்தாரு, ஊசி முனையும் பஞ்சும் வச்சு எங்க உணர்ச்சி தெரியுதுன்னு பாத்தாரு, கேஸ் சீட்டுல கைக்கு 1, காலுக்கு 2ன்னு எழுதுனாரு. அது என்ன சார் மார்க்குன்னு கேட்டேன். தசையோட பலத்துக்கு சைபர்ல இருந்து அஞ்சு வரைக்கும் கணக்கு இருக்காம். சைபர்னா ஒண்ணுமே இல்ல, ஒண்ணுனா தசை துடிக்கிறது வெரலுக்குத் தெரியுது ஆனா கை அசையல, ரெண்டுனா மெத்தை மேலயே அப்பிடி இப்பிடி நகட்டலாம் ஆனா தூக்க முடியாது, மூணுனா தூக்கலாம், நாலுனா நாம அமுக்குனா கொஞ்சம் எதுத்து நிக்கும், அஞ்சுனா நம்மள மாதிரி. "ஒண்ணு வந்திருக்குப்பா, சைபர் இல்ல, அதப் புடிச்சுக்கிட்டு மேல ஏறணும்"னாரு. அன்னைல இருந்து அந்த மார்க்குக்குத்தான் நாங்க குடும்பமே காத்துக் கெடந்தோம்.

இதுல எங்க குடும்பம் செஞ்ச ஒரு தப்ப மறைக்காம சொல்லுறேன், படிக்கிற யாராச்சும் அதத் தவிர்ப்பாங்க. அம்மாவ எந்திரிச்சு ஒக்கார வைக்கிறதுக்கு எங்க சித்தப்பா வெளங்காத கையப் புடிச்சு இழுத்துட்டாரு. எல்லாரும் அப்படித்தான தூக்குவோம், கையக் குடுன்னு. தசை செத்துக் கெடக்குற தோள்பட்டைல மூட்ட புடிச்சு நிறுத்துறதுக்கு ஒண்ணும் இல்ல, இழுத்த இழுப்புல எறங்கிருச்சு. மறுநாள் சார் வந்து தோளுக்கு மேல எலும்புக்குக் கீழ வெரல வச்சுப் பாத்துட்டு என் வெரலையும் வச்சுப் பாக்கச் சொன்னாரு, ஒரு வெரக்கடை பள்ளம் விழுந்திருக்கு. அந்தத் தோளு வலிதான் அம்மாவ அடுத்த நாலு மாசம் தூங்க விடல. நடை திரும்ப வந்தப்பறங்கூட அந்த வலி போகல. அப்ப அவரு எங்க எல்லாத்தையும் நிக்க வச்சு சொல்லிக்குடுத்தாரு, வெளங்காத கைய இழுக்கவே கூடாது, அக்குள்ள கைய விட்டுத் தூக்கக் கூடாது, இடுப்புல துண்டோ பெல்ட்டோ கட்டி அதப் புடிச்சுத்தான் எழுப்பணும், படுத்திருக்குறப்ப அந்தக் கைக்கு அடில தலகாணி குடுத்து ஏந்தலா வைக்கணும், ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா பக்கம் மாத்திப் படுக்க வைக்கணும், இல்லாட்டி முதுகுல புண்ணு வந்துரும். தங்கச்சியையும் எம் பொஞ்சாதியையும் செஞ்சு காட்டச் சொல்லி, தப்பா செஞ்சா திரும்பச் செய்ய வச்சு, சரியா வந்தப்பறந்தான் அடுத்த பெட்டுக்குப் போனாரு. ஒரு நாளைக்கு அவரு எங்கம்மாகிட்ட இருந்தது மிஞ்சிப் போனா இருவது நிமிஷம். மிச்ச நேரம் பூராவும் நாங்கதான். அதனால எங்களுக்குச் சொல்லிக்குடுக்குறத அவரு வேலைல பாதின்னு வச்சிருந்தாரு. எனக்குத் தெரிஞ்சு அவங்க தெறமைல பெருசு அதுதான், படிக்காத ஆளுக்கும் புரியுற மாதிரி சொல்லி, அந்தக் கைல அத ஏத்தி விடுறது.

செய்யுறதுல மட்டும் இல்ல, செய்யாம நிறுத்துறதுலயும் தெறம இருக்குன்னு ஒரு நாள் பாத்தேன். பக்கத்து பெட்டுல ஒரு அண்ணன், தென்னமரத்துல இருந்து விழுந்து தொடை எலும்பு முறிஞ்சு ஆபரேசன் ஆனவரு. அவர நடக்க வைக்கணும்னு அன்னைக்கு ஏற்பாடு, வாக்கர் எல்லாம் வந்திருச்சு. சார் காலத் தொட்டாரு, தொட்டவரு அப்படியே நின்னுட்டாரு. கெண்டைக்கால ஒரு டேப்பு வச்சு அளந்தாரு, அடுத்த காலையும் அளந்தாரு. ஒண்ணு வீங்கிக் கெடக்கு, சூடா இருக்கு, அமுக்குனா வலிக்குது. "இன்னைக்கு நடக்க வேணாம்ணே, படுங்க, டாக்டர் வரட்டும்"னு வாக்கர ஓரமா தள்ளி வச்சிட்டு நேரா டாக்டரக் கூப்புடப் போயிட்டாரு. காலு ரத்தக்குழாய்க்குள்ள ரத்தம் கட்டி இருந்திருக்கு. அந்தக் கட்டி நகந்து நுரையீரலுக்குப் போனா உசுருக்கே ஆபத்தாம். காலப் புடிச்சு விடுறவரா இருந்தா வீங்கிருக்கேன்னு நல்லா அமுக்கித் தேச்சு விட்டிருப்பாரு. அந்தக் கட்டி வராம இருக்கத்தான் ஆபரேசன் ஆன மொத நாள்ல இருந்தே பாதத்த மேலயும் கீழயும் ஆட்டுங்க ஆட்டுங்கன்னு சொல்லுறாங்க, நாமதான் அத என்னமோ பொழுதுபோகாம சொல்லுறாங்கன்னு விட்டுருறோம்.

அம்மா மொத மொத எந்திரிச்சு நின்ன நாளு எனக்கு மறக்காது. பெட்டு ஓரத்துல ஒக்கார வச்சு, பி.பி. பாத்து, தல சுத்துதான்னு கேட்டு, கொஞ்ச நேரம் ஒக்காரவே விட்டாரு, படுத்தே கெடந்த ஆளு படக்குன்னு எந்திரிச்சா பி.பி. எறங்கி விழுந்துருவாங்களாம். அப்பறம் ரெண்டு பாதத்தையும் பின்னால இழுத்து வச்சாரு. "ஆத்தா, மூக்க முன்னால கொண்டாங்க, கால் வெரலுக்கு நேரா மூக்கு வரணும், அப்பத்தான் எந்திரிக்கணும்"னாரு. அவரு எதுக்க ஸ்டூல் போட்டு ஒக்காந்து, அம்மாவோட வெளங்காத முட்டி மடங்கிறாம இருக்க தன்னோட முட்டியால அண்டக்குடுத்து, இடுப்பு பெல்ட்ட ரெண்டு கையாலயும் புடிச்சு, மூணு சொல்லுறதுக்குள்ள அம்மா நின்னுட்டாங்க. பத்து எண்ணுற நேரந்தான். அம்மாவோட எட கொறஞ்சது அறுவத்தஞ்சு கிலோ, அவரு தூக்கவே இல்ல, அம்மாவோட எடையவே அம்மாவத் தூக்க வச்சாரு. ஒரு நாளைக்கு அப்படி எத்தன பேர நிக்க வைக்கிறாரோ, அவரோட முதுகு என்ன ஆகும்னு நெனச்சுப் பாத்தேன். தோட்டத்துல மூட்ட தூக்குறவங்களுக்குத் தெரியும், தூக்குற வெதம் தெரியலேன்னா பத்து வருஷத்துல இடுப்பு போயிரும்.

கைக்கு வந்தா, அது காலவிட மோசமா இருந்துச்சு. கோலிக்குண்டு, பிளாஸ்டிக் கோன்னு எதெதையோ குடுத்துப் பாத்தாங்க, அம்மா அதத் தொடக்கூட இல்ல, மொகத்தத் திருப்பிக்கிட்டாங்க. ஆஸ்பத்திரிக்கு வந்த பத்து நாளா ஒரு வார்த்த பேசாம செவத்தப் பாத்துக் கெடந்தாங்க. சார் என்னத் தனியாக் கூப்புட்டு அம்மா என்ன வேல பாத்தாங்கன்னு கேட்டாரு. சொன்னேன். மறுநாள் வர்றப்ப ஒரு கை பச்ச ஏலக்கா கொண்டாங்கன்னாரு. ஜீப்புல சாக்குல ஒட்டிக் கெடந்ததையும் சேத்து ஒரு பொட்டலம் கொண்டு போனேன். ஒரு தட்டுல கொட்டி, பழுத்தது தனி பிஞ்சு தனியா பிரிச்சுக் குடுங்கத்தா, எனக்குத் தெரியாதுன்னு சொல்லி தட்ட அம்மாவோட வலது கைக்கு அடில வச்சாரு. அம்மா ரொம்ப நேரம் தட்டையே பாத்தாங்க. அப்பறம் கட்டை வெரலும் ஆள்காட்டி வெரலும் பைய பைய கூடுச்சு, ஒரு காய் மேல பட்டுச்சு, உருண்டு போச்சு. திரும்பப் போனாங்க. அன்னைக்கு ஒரு காயக்கூட எடுக்க முடியல, ஆனா இருவது தடவைக்கு மேல முயற்சி பண்ணாங்க, பிஞ்ச பூராவும் எனக்கு எடது கையால காட்டி "இது ஆகாது"ன்னு சொன்னாங்க, கொழறலா, ஆனா சொன்னாங்க. வாதத்துக்கப்பறம் எங்களுக்கு வெளங்குன மொத வார்த்த அதான். பழக்கப்பட்ட வேலய, பழக்கப்பட்ட சாமான வச்சு திரும்பத் திரும்பச் செய்யுறப்ப மூளைல கெட்டுப் போன எடத்துக்குப் பதிலா வேற பாதை உண்டாகுமாம், அதுக்கு நூறு தடவ, ஆயிரம் தடவ செய்யணும், மாத்திரை அதச் செய்யாதுன்னாரு.

இதெல்லாம் சும்மா வர்றதில்ல. பி.பி.டி.ன்னு பிசியோதெரபிக்குன்னே நாலு வருஷத்துக்கு மேல பட்டப் படிப்பு, அதுல ஆஸ்பத்திரிலயே பயிற்சியும் சேத்தி. நம்ம மாநிலத்துல எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துக்குக் கீழ இந்தப் படிப்பு இருக்கு. எலும்பு, தசை, நரம்புன்னு உடற்கூறு பூராவும் படிக்கிறாங்க. 2021ல மத்திய அரசு இந்த மாதிரி மருத்துவம் சார்ந்த தொழில்காரங்களுக்குன்னு தனிச் சட்டமே போட்டு தேசிய ஆணையம் ஒண்ணு வச்சிருக்கு, அந்தப் பட்டியல்ல பிசியோதெரபி இருக்கு. இன்னொண்ணும் சார் சொன்னாரு, கேட்டு எனக்கு ஒடம்பு சிலிர்த்துப் போச்சு. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரில 1966ல மறுவாழ்வு மருத்துவத்துக்குன்னே ஒரு தனி மையம் தொறந்தாங்க, அத நடத்துனது டாக்டர் மேரி வர்கீஸ், கொச்சிப் பக்கத்துக்காரங்க. 1954ல வண்டி கவுந்து தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழ வெளங்காமப் போனவங்க, சக்கர நாற்காலில ஒக்காந்துக்கிட்டே தொழுநோயாளிகளுக்கு கை ஆபரேசன் செஞ்சவங்க. 1972ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. அப்பேர்ப்பட்ட வழில வந்த வேலய நாம "புடிச்சு விடுறது"ன்னு ஒரே வார்த்தைல முடிச்சிருறோம்.

பதினெட்டு நாள்ல அம்மாவ டிஸ்சார்ஜ் பண்ணிட்டாங்க. இங்கதான் என் ஆதங்கமே. ஆஸ்பத்திரில பெட்டு வேணும், அனுப்புறாங்க, அதக் குத்தம் சொல்ல முடியாது. ஆனா வீட்டுக்கு வந்தப்பறம் யாரு பாக்குறது? கேரளா ஆஸ்பத்திரில குடுத்த பயிற்சித் தாளு மலையாளத்துல இருந்துச்சு, எங்க வீட்டுல பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. இங்க குடுத்தது இங்கிலீஷ்ல. எங்களுக்குப் பக்கமா இருக்குற ஒரு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனா, பிசியோ எல்லா நாளும் இருக்க மாட்டாரு, ஒரே ஆளு வேற ஊரையும் சேத்துப் பாக்குறாருன்னாங்க. ஆட்டோ வச்சு அம்மாவத் தூக்கிக்கிட்டுப் போயி, அவரு வராத நாளுன்னா திரும்பி வரணும். ரெண்டு தடவ அப்படி ஆச்சு, மூணாந்தடவ அம்மாவே வரல போன்னுட்டாங்க.

அந்த நேரத்துல ஆளாளுக்கு வழி சொல்லுவாங்கல்ல. ஒரு எடத்துல பத்து நாளு எண்ணெய் போட்டு நீவி விட்டாங்க, இன்னொரு எடத்துல பதினஞ்சு நாளு கரண்ட் வச்சாங்க, படுக்க வச்சு வயர ஒட்டிட்டு அவங்க பாட்டுக்கு வெளிய போயிருவாங்க, மணி அடிச்சா வந்து கழட்டுவாங்க, அதுக்கு ஒரு நாளைக்கு முந்நூறு ரூவா. அந்த மிஷினுக வலியக் கொறைக்கும், இல்லேன்னு சொல்லல, அதது அததுக்கு ஆகும். ஆனா நடக்க மறந்த காலுக்கு நடையச் சொல்லிக்குடுக்குறது மிஷின் இல்ல, ஒரு ஆளு எதுக்க நின்னு, எந்தத் தசை வேல செய்யல, ஏன் இடுப்ப வீசி வீசி வைக்கிறாங்கன்னு பாத்துத் திருத்தணும். இந்த ஒண்ணரை மாசத்துல அம்மாவோட குதிகால் தரைல படாமப் போச்சு, பாதம் கீழ தொங்கி உள்பக்கமா திரும்பிக்கிச்சு, கெண்டைத் தசை இறுகிப் போச்சு. ஆஸ்பத்திரில வாக்கர் புடிச்சு பதினஞ்சு அடி வச்சவங்க வீட்டுல வாசப்படி தாண்ட முடியாம ஆயிட்டாங்க.

அப்பறம் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல பிசியோ வீட்டுக்கே வருவாங்கன்னு எங்க தெருவுக்கு மாத்திர குடுக்க வர்ற அக்கா சொல்லி எழுதிக்கிட்டுப் போச்சு. 2021 ஆகஸ்ட் 5ல கிருஷ்ணகிரி மாவட்டத்துல ஆரம்பிச்ச திட்டம், நம்ம ஊருக்கும் வந்திருக்கு, எனக்குத்தான் தெரியல, பி.பி., சுகர் மாத்திரைக்கு மட்டும்னு நெனச்சிருந்தேன். அதுல வந்த பிசியோ மேடம் வீட்டுக்குள்ள நொழஞ்சதும் நேரா எங்கம்மாகிட்டப் போகல. கட்டிலப் பாத்தாங்க, கக்கூஸப் பாத்தாங்க, வாசப்படியப் பாத்தாங்க. கட்டில் ரொம்பத் தாழ, எந்திரிக்க முடியாது, நாலு காலுக்கும் செங்கல் வைங்கன்னாங்க. கக்கூஸ்ல குத்தவச்சு ஒக்கார முடியாதுன்னு ஒரு பழைய பிளாஸ்டிக் சேர நடுவுல வெட்டிப் போடச் சொன்னாங்க, செவத்துல புடிக்க ஒரு பைப்பு அடிக்கச் சொன்னாங்க. மொத்தம் எழுநூறு ரூவா செலவு. கம்ப நல்ல கைல புடிக்கணும், வெளங்காத பக்கம் இல்ல. படி ஏறுனா நல்ல காலு மொதல்ல, எறங்குனா வெளங்காத காலு மொதல்ல. இத அம்மா பாட்டு மாதிரி சொல்லிக்கிட்டே ஏறி எறங்குவாங்க. பாதம் தொங்காம இருக்க செருப்புக்குள்ள வைக்கிற ஒரு பிளாஸ்டிக் பட்டிக்கும் எழுதிக்குடுத்தாங்க. அவங்க வர்றது மாசத்துல ஒண்ணு ரெண்டு தடவதான், அவங்களுக்கு இருக்குற ஊருக அப்படி. வர்றப்ப போன தடவ சொன்னத செஞ்சு காட்டச் சொல்லிப் பாப்பாங்க, ஏமாத்த முடியாது.

இப்ப அம்மா கம்பு ஊனி தெரு முக்கு வரைக்கும் போயிட்டு வர்றாங்க. காலுக்கு நாலு மார்க்கு. கை மூணுல நிக்குது, சோத்தப் பெசஞ்சு சாப்புடுறாங்க, சேலைக் கொசுவம் வைக்க தங்கச்சி வேணும். தோட்டத்துக்கு இனிமே போக முடியாது, அது எங்களுக்கும் தெரியும் அவங்களுக்கும் தெரியும். அந்த ஒண்ணரை மாசம் வீணாப் போகாம இருந்திருந்தா கை இன்னும் கொஞ்சம் வந்திருக்குமோன்னு எனக்கு மனசுல ஓடிக்கிட்டேதான் இருக்கு.

எங்க பக்கத்து நெலம மத்த ஊருக்கும் இருக்கும், ஆனா எல்லையோரத்துல இன்னும் ஒரு மடங்கு ஜாஸ்தி. அடிபடுறது அங்க, படுத்துக் கெடக்குறது இங்க. கூடலூரு, கம்பம், கோம்பை, போடின்னு எல்லா ஊருல இருந்தும் தெனமும் மலையேறுற பொம்பளைக குனிஞ்சு வேல பாத்து இடுப்பும் முட்டியும் போனவங்க, ஈரத்துல வழுக்கி விழுந்தவங்க, ஜீப்பு ஆக்சிடென்ட்டுல எலும்பு முறிஞ்சவங்க. மொத வைத்தியம் கேரளால பாத்துட்டு ஒரு பையில எக்ஸ்ரேவப் போட்டுக்கிட்டு வந்துருறாங்க. அந்த ஆஸ்பத்திரி பிசியோ எதுவரைக்கும் செஞ்சாரு, இனிமே என்ன செய்யணும், எது செய்யக்கூடாதுன்னு இங்க இருக்குற பிசியோவுக்குத் தெரியுறதுக்கு வழியே இல்ல. இடுப்பு மூட்டு மாத்தி வச்ச ஒருத்தங்க சம்மணம் போட்டு ஒக்காரக் கூடாதுன்னு மலையாளத்துல எழுதிருந்தது தெரியாம பந்தில ஒக்காந்து, மூட்டு நழுவி திரும்பத் தூக்கிக்கிட்டுப் போனத என் ஜீப்புலயே கொண்டு போயிருக்கேன்.

அரசாங்கத்துக்கு உங்க பேப்பர் வழியா கேக்குறது இதுதாங்க. எல்லையோரத்து ஒவ்வொரு தாலுகா ஆஸ்பத்திரிலயும் வாரம் பூராவும் இருக்குற மாதிரி பிசியோ போடுங்க, வார்டு பெருசுன்னா ஒருத்தரு பத்தாது. டிஸ்சார்ஜ் ஆகுறப்ப பயிற்சித் தாளத் தமிழ்ல, படம் போட்டு, செய்யக்கூடாதத செவப்பு எழுத்துல போட்டுக் குடுங்க. கேரளா பக்கம் இருக்குற ஆஸ்பத்திரிகளும் தமிழாளுக எம்புட்டு பேரு வர்றாங்கன்னு அவங்களுக்கே தெரியும், அவங்களும் தமிழ்ல ஒரு தாளு அடிச்சு வச்சா பெரிய உபகாரம். அந்தத் தாளுலயே அந்தப் பிசியோ இங்க இருக்குற பிசியோவுக்குன்னு நாலு வரி எழுதிக்குடுத்தாப் போதும், அது இங்கிலீஷ்ல இருந்தாலும் பரவால்ல, அவங்களுக்குள்ள புரிஞ்சுக்குவாங்க. வீட்டுக்கு வர்ற திட்டத்துல ஆளக் கூட்டுங்க, மொத மூணு மாசமாச்சும் வாரம் ஒரு தடவ வரணும், அந்த நேரந்தான் முக்கியம்.

உங்ககிட்ட கேக்குறது ஒண்ணு. செப்டம்பர் 8 உலக பிசியோதெரபி தினம், அன்னைக்கு வாழ்த்துச் செய்தியோட நிறுத்தாம, வாதம் அடிச்ச ஆளு விழுந்த ஒடனே வாயில எதுவும் ஊத்தக் கூடாது, வெளங்காத கையப் புடிச்சு இழுக்கக் கூடாது, எப்படிப் படுக்க வைக்கணும், எப்படி பெல்ட்டு கட்டி எழுப்பணும்னு ஒரு நல்ல பிசியோதெரபிஸ்ட்ட வச்சு எழுதி வாங்கி, படத்தோட அரைப்பக்கம் போடுங்க. பெரிய எழுத்தாப் போடுங்க. நான் அத வெட்டி எங்க ஸ்டாண்டு போர்டுல ஒட்டிருவேன், ஒரு காப்பிய லேமினேட் பண்ணி ஜீப்புக்குள்ள டிரைவர் சீட்டுக்குப் பின்னால மாட்டுறதுக்கு எடமும் பாத்து வச்சிட்டேன், மத்த டிரைவருக கிட்டயும் பேசியாச்சு, அவங்களும் மாட்டுறேன்னு சொல்லிட்டாங்க.

இப்படிக்கு,
ஒரு ஜீப் டிரைவர்,
கம்பம், தேனி மாவட்டம்.